ஹோப்பி மக்களையும் மேற்கிந்தியரையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். சமூகவியல் ஒப்படைக்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பழங்குடியினரான ஹோப்பி மக்களையும் மேற்கிந்தியத் தீவு மக்களையும் ஒப்பிட விரும்புகிறேன். இரு சமூகங்களையும் வறுமை என்ற ஒரே அளவுகோலால் அளப்பது தகுமா?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
தகாது, பிள்ளை. நிலத்திலிருந்து தொடங்குங்கள். ஹோப்பி மக்கள் இன்றும் தம் மூதாதையர் மண்ணிலேயே வாழ்கிறார்கள். வீடும் சோள வயலும் மரபுப்படி தாய்வழிக் குலத்துக்கு உரியவை. மேற்கிந்தியரில் பெரும்பாலோரின் முன்னோரோ ஆப்பிரிக்காவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்தபோதும், பிரித்தானிய அரசு ஒதுக்கிய 2 கோடி பவுண் இழப்பீடு அடிமைகளை வைத்திருந்த உடைமையாளர்களுக்கே சென்றது, உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. இந்த அநீதியை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடாதீர்கள்.

தெஹிவளை வாசகர்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன்; ஆயினும் நிலம் கையிலிருந்தால் மட்டும் போதாது. 1960களில் ஹோப்பி பகுதியிலுள்ள பிளாக் மேசாவில் நிலக்கரிக் குத்தகை கையெழுத்தானபின், மழை அரிதான அந்த மேட்டு நிலத்தின் நிலத்தடி நீரே நிலக்கரித் தூளைக் குழாய்வழியே நெவாடா மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப் பயன்பட்டது. 2005இல் அந்நிலையமும் பிளாக் மேசா நிலக்கரியையே எரித்த நவாஹோ மின்நிலையம் 2019இலும் மூடப்பட்டதால் ஹோப்பி நிர்வாகம் தன் வருவாயின் பெரும்பகுதியை இழந்தது. ஜமைக்காவிலோ வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம் பல குடும்பங்களைத் தாங்குகிறது.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தத் தொழிலாளராக ட்ரினிடாட் சென்ற இந்தியர்களை இலங்கைத் தோட்டங்களில் உழைத்த நம் மலையகத் தமிழரோடு ஒப்பிடலாமா?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
தோட்ட வாழ்க்கையளவில் ஒப்பிடலாம். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியதைத் தனியே எழுதுங்கள்.