ஃபீஸ் இல்லை, மெடல் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை: இப்படி ஒரு மணல் ஓட்டப் பந்தயம் நடத்தலாமா?

ஒற்றியூர்_ஓட்டம்:
பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, பழவேற்காடு கலங்கரை விளக்கத்தில் தொடங்கி கடற்கரையோரமாகவே தெற்கே ஏழு கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி வருகிற ஒரு டிரெயில் ரேஸ் (தார்ச் சாலையில் இல்லாத ஓட்டப் பந்தயம்) வைக்கலாம் என்று இருக்கிறோம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர், மணலி ஆட்கள்தான், முப்பது நாற்பது பேர் வருவார்கள். கட்டணம் கிடையாது, டி-ஷர்ட் கிடையாது, மெடல் கிடையாது. போனில் ஸ்டாப்வாட்ச், கையில் ஒரு நோட்டு, முடிக்கிற இடத்தில் இரண்டு கேன் தண்ணீர், ஒரு தார் வாழைப்பழம். இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் "பொறுப்பில்லாத வேலை" என்று சிலர் பிடித்துக்கொண்டார்கள், அதனால் பொதுவிலேயே கேட்டுவிடுகிறேன்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஓடுகிறவனுக்கு இடம் எங்கே இருக்கிறது? எண்ணூர் விரைவுச் சாலையில் விடியற்காலையிலும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும், அந்தப் புகையில் மூச்சு வாங்க முடியாது. கடற்கரைக்குப் போகலாம் என்றால் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்தான் பாதி தூரம். பெரிய மாரத்தான்கள் தெற்கேதான் நடக்கின்றன, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு என்று கட்ட வேண்டும், அதிகாலை நான்கு மணிக்கு அங்கே போய் நிற்க பஸ்ஸும் இல்லை ரயிலும் இல்லை. எங்களோடு ஓடும் பையன்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். அவர்களுக்கு ஒரு பந்தயம் வேண்டும். காசில்லாமல் வேண்டும்.

கொருக்குப்பேட்டை_கோச்:
தம்பி, இடமில்லை என்பதிலும் காசில்லை என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளும் அப்படித்தான், ஷூவையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நீ வைப்பது சும்மா சேர்ந்து ஓடுவது இல்லை, நேரம் குறித்து வரிசை போடப்போகிறாய். நேரம் குறித்தால் இருபது வயதுப் பையன் ஒருவன் தன்னால் முடிகிற வேகத்துக்கு மேலே போவான், எதிரில் முதுகு தெரிகிற வரைக்கும் விட மாட்டான். அவன் திரும்புமுனை தாண்டி, தொடங்கிய இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி மணலில் விழுந்தால் என்ன செய்வாய்? கடற்கரை மணலில் ஆம்புலன்ஸ் இறங்காது. பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அதற்கு மேல் என்றால் பொன்னேரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

2018 மார்ச் 11 குரங்கணி யாருக்காவது மறந்துவிட்டதா? மலையேறப் போன 23 பேர் காட்டுத் தீயில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கே தனியாக விதிமுறை வந்தது. ஏதாவது நடந்த பிறகு விதி வருவதைவிட முன்னாலேயே யோசிப்பது நல்லது.

ஒற்றியூர்_ஓட்டம்:
கோச் அண்ணா, நாங்கள் காட்டுக்குள் போகவில்லை, ஏரிப் பக்கமும் போகவில்லை, ஊர்க்காரர்கள் தினமும் நடக்கிற கடற்கரை அது. அனுமதியும் பணமும் இருந்துவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் என்பதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலைப் பந்தயம் நடந்ததே, அது முறைப்படி நடந்த போட்டிதான். ஸ்பான்சர் இருந்தது, ஜிபிஎஸ் கருவி இருந்தது, செக்பாயின்ட் எல்லாம் இருந்தது. திடீரென்று ஆலங்கட்டி மழையும் பேய்க்காற்றும் அடித்து 21 பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள். நன்றாக ஓடக்கூடிய முன்னணி ஆட்களும் அதில் போனார்கள். அங்கே ஆறு பேரைக் காப்பாற்றியது யார்? மழைக்கு ஒதுங்கியிருந்த ஓர் ஆடு மேய்ப்பவர், அவர்களைக் குகைக்குள் இழுத்துப்போய் நெருப்பு மூட்டினார்.

கொருக்குப்பேட்டை_கோச்:
நீ சொன்ன அதே சம்பவம்தான் என் கட்சி. அங்கே ஆட்கள் மாட்டிக்கொண்ட பகுதி வண்டி போக முடியாத ஏற்றம். காற்றுத் தடுக்கும் மேல்சட்டையைக் கட்டாயம் ஆக்காமல் விட்டிருந்தார்கள். வானம் மாறியதும் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. இவ்வளவு பணம் போட்ட இடத்திலேயே இந்த ஓட்டை என்றால், உன் நோட்டும் வாழைப்பழத் தாரும் எதைத் தாங்கும்? உன்னிடம் மூன்று கேள்விதான் கேட்கிறேன். நிறுத்து என்று சொல்கிற அதிகாரம் யாரிடம்? கடைசி ஆள் திரும்பிவிட்டான் என்று யார் சொல்வார்கள்? நடுவில் விழுந்தவனை எந்த வண்டியில் ஏற்றுவாய்?

ராயபுரம்_அக்கா:
நான் ஒற்றியூர் தம்பியின் பக்கம். கட்டணம் கட்டிப் போன பந்தயங்களில் ஆயிரக்கணக்கான பேரோடு ஓடியிருக்கிறேன், அங்கே நான் ஒரு எண்தான், வழியில் உட்கார்ந்துவிட்டால் பத்து பேர் தாண்டிப் போவார்கள். நாற்பது பேர் ஓடுகிற இடத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒருத்தி வரவில்லை என்றால் உடனே தேடுவார்கள். லண்டனில் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடித் தொடங்கியதுதான் பார்க்ரன், இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தவறாமல் நடக்கிறது, இன்றுவரை இலவசம். அங்கேயும் நேரம் குறிக்கிறார்கள், கோச் சார்.

ஆனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்தே வருவார், அவர் வந்து சேராமல் மூட்டை கட்ட மாட்டார்கள். தம்பி, அதை நீ செய்யத்தான் வேண்டும். அப்புறம் இன்னொன்று. ஐந்தரை மணி இருட்டில் தொடங்குகிறோம் என்று குழுவில் போட்டிருந்தாய். வேகமாக ஓடுகிற பையன்கள் முன்னால் போய்விடுவார்கள், பின்னால் வருகிற நாலு பெண்கள் ஆளில்லாத கடற்கரையில் தனித்தனியாக ஓட வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு தொடங்கு, இல்லாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள், அப்புறம் "கூப்பிட்டும் வரவில்லை" என்பீர்கள்.

நைட்_டூட்டி_சிஸ்டர்:
அக்கா சொன்னது சரி, ஆனால் வெளிச்சம் வந்து தொடங்கினால் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கடலோரத்தில் காலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாத வியர்வையால் உடம்பு குளிராது. பிப்ரவரிதானே, சுகமாக இருக்கிறதே என்று வேகமாக ஓடுகிறவன்தான் மாட்டுவான். உள் உடம்பு வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை குழம்பும். தள்ளாடுவான், பேச்சு குளறும், பெயரைக் கேட்டால் எரிந்து விழுவான், "நான் நல்லாத்தான் இருக்கேன், விடு" என்பான். நண்பர்கள் அதை வீம்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் வண்டியைத் தேடி ஓடாதீர்கள், முதலில் குளிர வையுங்கள். நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரை எல்லாம் தலை முதல் கால்வரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாற்றி மாற்றிப் போடலாம். பெரிய டப்பும் ஐஸும் இருந்து அதில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. மீன்பிடி ஊரில் ஐஸ் கிடைக்காமலா போகும்? 108-ஐ ஒருவர் கூப்பிடட்டும், மற்றவர்கள் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். குழம்பிப் போனவன் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், கடலில் இறக்கவும் கூடாது.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டருக்கு ஒன்று என்று சரியாகக் கலக்குங்கள், உப்புப் போட்ட நீர்மோரும் வையுங்கள். முட்டி வலிக்கிறது என்று ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், உடம்பில் நீர் வற்றும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

கொருக்குப்பேட்டை_கோச்:
சிஸ்டர், நன்றி. தம்பி, இதில் எத்தனை உன் திட்டத்தில் இருந்தது?

ஒற்றியூர்_ஓட்டம்:
தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும் இருந்தது. ஐஸ் இல்லை, வாங்கிவிடலாம். இதற்கெல்லாம் லட்ச ரூபாய் ஆகாது என்பதைத்தான் நானும் சொல்கிறேன். ஐஸ், இரண்டு பைக், கடைசியில் ஒரு ஆள். மிஞ்சிப்போனால் ஆளுக்கு ஐம்பது ரூபாய் பங்கு.

பெரம்பூர்_பெரியவர்:
ஓட்டம் பற்றி எனக்குத் தெரியாது, பந்தயம் பற்றித் தெரியும். சோழவரம் ரேஸ் என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது, மோட்டார் பைத்தியங்கள் சிலர் அங்கே வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், அதுதான் வளர்ந்து நாட்டிலேயே பெயர் வாங்கிய பந்தயம் ஆனது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. ஆர்வம் முதலில் வரும், அமைப்பு பின்னால் வரும். தொடங்கும்போதே எல்லாம் கேட்டால் எதுவும் தொடங்காது.

கொருக்குப்பேட்டை_கோச்:
ஐயா, அவர்கள் கிளப் அமைத்துத்தான் அதை வளர்த்தார்கள், கொடி பிடித்து நிற்க ஆள் இருந்தது, சிவப்புக் கொடி காட்டினால் எவ்வளவு பெரிய ஓட்டுநரும் நிறுத்தினார். நான் கேட்பதும் அந்தக் கொடியைத்தான்.

லைட்ஹவுஸ்_குப்பத்தான்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓடப்போவது எங்கள் கரையில். ஊரை யாராவது கேட்டீர்களா? ஒருத்தரும் கேட்கவில்லை.

வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் ஓடுவார்கள், உங்களில் பாதிப் பேரை முந்துவார்கள். ஆனால் கரை சும்மா கிடக்கிற இடம் இல்லை. விடியலில் படகு வந்து ஏறும், வலையை விரித்துப் போட்டு மீன் எடுப்போம், பெண்கள் கருவாடு காயப்போடுவார்கள். வலை மேல் ஷூ போட்டு மிதித்தால் கண்ணி அறும், ஒரு வலையின் விலை உங்கள் மாரத்தான் ஃபீஸைப்போலப் பல மடங்கு. போன வருஷம் ஏதோ ஒரு குழு ஓடிவிட்டுப் போனது, பிளாஸ்டிக் ரிப்பனைச் சவுக்கு மரமெல்லாம் கட்டிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். நாங்கள்தான் அவிழ்த்தோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டில் ஓடினால் கரையேறுகிற ஆமை திரும்பிவிடும், பொரித்து வருகிற குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டுத் தரைப் பக்கம் நகரும். அந்த அக்கா சொன்ன மாதிரி விடிந்த பிறகு ஓடுங்கள், ஆமைக்கும் நல்லது.

பாதை பற்றியும் சொல்கிறேன். கடல் உள்வாங்குகிற வற்றத்தில் ஈர மணல் சிமென்ட் மாதிரி கெட்டியாக இருக்கும், கடல் ஏற்றம் வந்துவிட்டால் மேலே பொதி மணலில்தான் ஓட வேண்டும், கணுக்கால் வரை புதையும், ஏழு கிலோமீட்டர் பதினாலாகத் தோன்றும். மேல் மணலில் அடப்பங்கொடி காலை வாரும், ராவணன் மீசை என்கிற முள்புல் குத்தினால் ஷூ துணியைத் தாண்டி உள்ளே போகும். நண்டு வளையில் கால் போனால் கணுக்கால் பிசகும். நாளைக் குறிப்பதற்கு முன்னால் வற்றம் எத்தனை மணிக்கு என்று எங்களைக் கேளுங்கள்.

ராயபுரம்_அக்கா:
அண்ணே, இதைவிட நல்ல பாதைக் குறிப்பு எந்தப் பந்தயத்திலும் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், கடற்கரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், போகும்போது ஒரு கால் தாழ்ந்தே ஓடும், இடுப்பும் முட்டியும் ஒரு பக்கமே வலிக்கும். அதே வழியில் திரும்பி வருவது அதற்கு நல்லது, மற்றக் கால் தாழும்.

ஒற்றியூர்_ஓட்டம்:
குப்பத்து அண்ணே, இந்த வாரமே நேரில் வந்து ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கிறோம். ரிப்பன் வேண்டாம், தரையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறோம். ஆறே முக்காலுக்குத் தொடக்கம். பின்னால் வருகிற பெண்களோடு கடைசி ஆளாக நானே வருகிறேன், நான் ஓடவில்லை. திரும்புமுனையில் பெயர் குறிப்போம், எட்டரைக்குள் திரும்புமுனைக்கு வராதவர்கள் அங்கேயே நிற்க வேண்டும், உள்ளூர்ப் பாதையில் பைக்கில் கூட்டி வருவோம். நிறுத்துகிற அதிகாரம் சிஸ்டருக்கு, அவர் வரச் சம்மதித்தால். நேரம் குறிப்பது மட்டும் இருக்கும் அண்ணா, அதை விட மாட்டோம். வேலையில் யாரும் இவர்களை முதல் ஆள் என்று சொல்லுவதில்லை, ஒரு நாளாவது ஒரு நோட்டில் முதல் பெயராக இருக்கட்டும்.

நைட்_டூட்டி_சிஸ்டர்:
டூட்டி மாற்றிக்கொண்டு வருகிறேன். ஆனால் நான் நில் என்றால் நிற்க வேண்டும், அதை ஓடுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் சொல்லிவிடு.

கொருக்குப்பேட்டை_கோச்:
முன்னைவிட நிறைய மாறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பதினெட்டு வயது ஆகாத என் பிள்ளைகளை நேரம் குறிக்கிற இடத்துக்கு அனுப்ப மாட்டேன். அவர்களுக்கு ஏதாவது ஆனால் அவர்கள் அம்மா முன்னால் நான்தான் போய் நிற்க வேண்டும். பெரிய பையன்கள் வருவார்கள், நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்யப் பழகிய இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள், திரும்புமுனையில் ஒருவன், நடுவில் ஒருவன் நிறுத்திக்கொள்.

லைட்ஹவுஸ்_குப்பத்தான்:
ஞாயிறு வேண்டாம். அன்றைக்கு மீன் வாங்க வெளியூர்க் கூட்டம் வரும், கரையில் வண்டி நிறுத்த இடம் இருக்காது, பாலத்திலேயே நெரிசல். சனிக்கிழமை என்றால் பேசலாம். வரும்போது நோட்டில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் எட்டுப் பத்து வரி விட்டு வையுங்கள்.