அயோடின்-123: குப்பியில் ஓர் அளவு, சிரிஞ்சில் வேறோர் அளவு

கேள்வி:
வணக்கம். அணு மருத்துவப் பிரிவு ஒன்றில் பயிற்சி பெற்று வருகிறேன். பார்க்கின்சன் நோயாளியின் மூளை ஸ்கேனுக்காக வந்த அயோடின்-123 என்ற கதிரியக்க மருந்துக் குப்பியை டோஸ் கலிபிரேட்டரில் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி) வைத்தபோது 184 மெகாபெக்கரல் (கதிரியக்க அலகு) காட்டியது. மருந்தைச் சிரிஞ்சில் எடுத்த பிறகு குப்பியில் 6 மீதமிருந்தது. ஆக, சிரிஞ்சில் 178 இருக்க வேண்டும். கருவியோ 213 காட்டியது. இடையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காலையில் கருவியைச் சரிபார்க்க உதவும் சீசியம்-137 கதிர் மூலத்தை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. பதிவேட்டில் எந்த எண்ணை எழுதுவது?

மறுமொழி 1:
கருவி பழுதாகவில்லை. அயோடின்-123 சிதையும்போது 159 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றல் அலகு) காமாக் கதிரோடு, 27 முதல் 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை மட்டுமே ஆற்றலுள்ள மெல்லிய எக்ஸ் கதிர்களும் ஏராளமாக வெளிவருகின்றன. இவற்றில் கணிசமான பங்கைக் குப்பியின் கண்ணாடி உறிஞ்சிவிடும். சிரிஞ்சின் மெல்லிய பிளாஸ்டிக்கோ பெரும்பாலும் தடுப்பதில்லை. கலிபிரேட்டரின் ஆர்கான் நிரம்பிய அயனியாக்க அறை, உள்ளே வந்துசேரும் கதிர்கள் உண்டாக்கும் மின்னோட்டத்தை மட்டுமே அளக்கிறது. எந்தக் கதிர் என்று அது பிரித்தறியாது. சீசியத்தின் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றுபோலக் கடந்துவிடுவதால், காலைச் சோதனையில் இந்தக் குறை ஒருநாளும் வெளிப்படாது. உங்கள் கருவியின் அயோடின்-123 குணகம் (மின்னோட்டத்தை மெகாபெக்கரலாக மாற்றும் எண்) கண்ணாடிக் குப்பிக்கு நிர்ணயிக்கப்பட்டதென்றால், 178 என்றே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. டெக்னீசியம்-99எம் மருந்தைத் தினமும் சிரிஞ்சில்தான் அளக்கிறோம். அதில் இப்படி வேறுபாடு வந்ததில்லையே?

மறுமொழி 2:
அதன் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்குக் கண்ணாடி பெரிய தடையன்று. அதனுடன் வரும் மெல்லிய எக்ஸ் கதிர்களும் மிகக் குறைவு. அயோடின்-123க்கும் இண்டியம்-111க்கும்தான் இந்தக் கவனம் இன்றியமையாதது. நீங்கள் செய்த கழித்தல் கணக்கையே, பயன்படுத்தும் ஒவ்வொரு சிரிஞ்சு அளவுக்கும் பல முறை செய்து, தனித்தனிக் குணகம் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்களின்படி சிரிஞ்சில் கருவி காட்டியது ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல். ஆனால் ஒரே ஒரு அளவீட்டை நம்பி அதை நிலையான திருத்தமாகக் கொள்ள வேண்டாம். கருவியில் மருந்தை வைக்கும் குழிக்குள் செம்பு வடிகட்டி பொருத்தினால் மெல்லிய கதிர்கள் அடங்கி இரு அளவுகளும் நெருங்கிவிடும். செம்பு 159 கதிரிலும் சிறிது உறிஞ்சும் என்பதால், அதற்கும் புதுக் குணகம் தேவை. ஊசி போட்ட பின் சிரிஞ்சில் தங்கும் மீதத்தையும் அதே சிரிஞ்சுக் குணகத்தால் திருத்திய பிறகே கழிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.