தலையில்லாத ஆறுகால் பூச்சி: படம் பார்த்து இனம் சொல்ல முடியுமா?

கேள்வி:
கானாடுகாத்தானில் பல வருசமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் எடுத்த மூன்று படங்கள் கீழே. நீளம் 4 மி.மீ. இருக்கும். செம்பழுப்பு நிறம், சிறகு கிடையாது, சுவரில் சிலந்தி மாதிரி ஓடுகிறது. ஆனால் கால் ஆறுதான், தலையைக் காணோம். சுவரின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் பளபளவென்று கருப்புப் புள்ளிகளும் ஒட்டியிருக்கின்றன. உண்ணியா? வீட்டில் ஆடு, மாடு, நாய் எதுவும் இல்லை. விட்டத்தில் வௌவால் உண்டு. மருந்து அடிக்கலாமா?

பதில் 1:
இது ஈ, அண்ணே. வௌவால் ஈ, நிக்டெரிபிடே குடும்பம். வௌவாலின் மயிருக்குள் வாழ்ந்து ரத்தம் குடிப்பது. தலை இருக்கிறது. இரண்டாவது படத்தில் முதுகில் சின்ன மேடு தெரிகிறதே, அதுதான். ஓய்வாக இருக்கும்போது தலையைப் பின்னுக்கு மடித்து முதுகுப் பள்ளத்தில் வைத்துக்கொள்ளும். கால்களும் மார்பின் மேல்பக்கத்திலிருந்தே கிளம்புவதால் சிலந்தி போலத் தோன்றும். உண்ணி இல்லை: உண்ணியின் குஞ்சுக்குத்தான் ஆறு கால், அது 1 மி.மீ.கூட இருக்காது. வளர்ந்த உண்ணிக்கு எட்டு. புறா ஈயும் தட்டைதான், ஆனால் அதற்குச் சிறகு உண்டு.

கருப்புப் புள்ளிகள் இதன் கூட்டுப்புழுக்கள். இந்த ஈ முட்டை இடாது. புழுவை வயிற்றுக்குள்ளேயே பாலூட்டி முழுதாக வளர்த்து, வௌவாலை விட்டு இறங்கிவந்து, சுவரில் அழுத்தி ஒட்டிவிட்டுத் திரும்பிப் போகும். எத்தனை அருமையான ஏற்பாடு!

கேள்வி:
சரியான இனப்பெயர்?

பதில் 2:
இந்தப் படங்களை வைத்துச் சொன்னால் ஊகம்தான். முதலில் எந்த வௌவால் என்று பாருங்கள், ஒவ்வொரு ஈ இனமும் பெரும்பாலும் தனக்கென்று உள்ள வௌவால் வகையை விட்டு மாறாது. நாய் முகம், பெரிய கண், தரையில் பழச்சாற்றுக் கறையும் விதையும் என்றால் பழந்தின்னி. எச்சம் உலர்ந்து, நசுக்கினால் பூச்சி ஓட்டுத் தூளாக மினுமினுத்தால் பூச்சி தின்னி. பழந்தின்னியின் ஈக்கள் சைக்ளோபோடினே என்ற தனித் துணைக்குடும்பம்.

அடுத்து ஒரு ஈயைப் பிடியுங்கள். விரலால் பிடித்தால் கால் ஒடிந்துவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். 70% எத்தனாலில் போடுங்கள். ஜெல் சானிடைசர் வேண்டாம், பிசுபிசுத்துப் படம் மங்கும். இடம், தேதி, வௌவால் விவரத்தைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். பிறகு மில்லிமீட்டர் கட்டத்தாளில் வைத்து, மேக்ரோ லென்ஸ், பக்கவாட்டு வெளிச்சத்தோடு முதுகு, வயிறு, வால்நுனி மூன்றையும் எடுங்கள். வயிற்றடியில் சீப்புப் பல் போல முள்வரிசை இருக்கிறதா, ஆணின் வால்நுனிக் கொக்கிகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பவைதான் முக்கியம். பெண் மட்டும் கிடைத்தால் இனம் வரை போகாமல், பேரினத்தோடு (ஜீனஸ்) நிற்க வேண்டியதாகலாம்.

பதில் 1:
மருந்து வேண்டவே வேண்டாம். வௌவாலைப் பிரிந்தால் இந்த ஈ சீக்கிரம் செத்துவிடும், மனிதர்களிடம் தங்காது. மருந்தடித்தால் வௌவாலுக்குத்தான் கேடு. புள்ளிகளை ஈரத்துணியால் ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், இரும்புத் தகடு பட்டால் பூச்சில் கீறல் விழும். எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாதீர்கள், தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். வௌவாலைக் கையால் தொட வேண்டாம். ஓட்டையை அடைப்பதானால் குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, இருட்டியதும் எல்லாம் வெளியேறிவிட்டதைப் பார்த்து அடையுங்கள்.