சக் கிராஸ்லி: கேள்வி கேட்பவரா, கட்சிக்காரரா?

வைகைக்கரை:
அமெரிக்காவின் அயோவா மாநில செனட்டர் சக் கிராஸ்லியைப் பற்றிப் பேசலாம். 1933இல் பிறந்தவர், 1981 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மேல்சபை செனட்டில் இருப்பவர், குடியரசுக் கட்சியின் பழமைவாதி. அரசுத் துறைகளை விடாமல் கேள்வி கேட்பதில் அமெரிக்க காங்கிரஸில் இன்று அவருக்கு இணையாக யாரும் இல்லை என்பது என் கருத்து.

1983இல் ஜனாதிபதியாக இருந்த ரீகன் அவருடைய கட்சிக்காரர்தான். பாதுகாப்புத் துறையின் செலவுக் கணக்குகள் யதார்த்தமில்லாதவை என்று சொன்ன ஆய்வாளர் ஃபிராங்க்ளின் ஸ்பின்னியைச் சந்திக்க அனுமதி கிடைக்காதபோது, கிராஸ்லி தானே காரை ஓட்டிக்கொண்டு அந்தத் துறையின் தலைமையகமான பென்டகனுக்குப் போனார். 1986இல் ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் பெர்மனோடு சேர்ந்து ‘ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ்’ சட்டத்துக்கு உயிர் கொடுத்தார். அரசிடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் வாங்கிய நிறுவனத்தின் மீது, உள்ளே வேலை பார்ப்பவரே அரசின் சார்பில் வழக்குப் போடலாம். ஜெயித்தால் மீட்கும் தொகையில் 30 சதவீதம் வரை அவருக்குப் பங்கு. 1986க்குப் பிறகு இந்தச் சட்டத்தால் 75 பில்லியன் டாலருக்கு மேல் கருவூலத்துக்குத் திரும்பியிருக்கிறது.

நடுவாசல்:
அந்தச் சட்டம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 40 வருடத்துக்கு முன்னால் செய்ததை வைத்து இன்றைய கிராஸ்லியை அளக்க முடியாது.

2023 ஜூலையில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் ஓர் உள் ஆவணத்தை அவர் வெளியிட்டார். பைடன் குடும்பம் உக்ரைன் நிறுவனம் ஒன்றிடம் லஞ்சம் வாங்கியதாக ஓர் உளவுத் தகவலாளி சொன்னது அதில் இருந்தது. சரிபார்க்கப்படாத தகவல். அடுத்த வருடமே அந்தத் தகவலாளி பொய் சொன்னதாகக் கைதானார், 2024 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் குற்றச்சாட்டு மாதக்கணக்கில் தொலைக்காட்சிகளில் ஓடி முடிந்துவிட்டது. இதையும் மேற்பார்வை என்று ஏற்கச் சொல்கிறீர்களா?

வைகைக்கரை:
அந்த ஆவணத்தை எஃப்பிஐ காங்கிரஸிடம்கூட முழுதாகக் காட்ட மறுத்தது. கையில் இருந்த குற்றச்சாட்டை எஃப்பிஐ ஒழுங்காக விசாரித்ததா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அது நியாயமான கேள்வி.

நடுவாசல்:
கேள்வியை மூடிய அறையில் கேட்டிருக்கலாம். பெயர்களோடு ஊருக்கெல்லாம் வெளியிட்டது தேர்தல் அரசியல்.

தணிக்கை மேசை:
நான் பல வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். ஒரு மேற்பார்வையாளர் யாருடைய கோப்பைத் திறக்கிறார் என்பதைவிட, யாருடைய ஆட்சியில் திறக்கிறார் என்று பார்ப்பேன். 2004 நவம்பரில் கிராஸ்லி செனட்டின் நிதிக் குழுத் தலைவர், ஜனாதிபதி புஷ். வயாக்ஸ் என்ற வலி மாத்திரை மாரடைப்பு ஆபத்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறையான எஃப்டிஏவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் டேவிட் கிரகாமையே சாட்சியாக உட்காரவைத்து, மருந்துப் பாதுகாப்பில் அந்தத் துறை எப்படித் தவறியது என்று சொல்லவைத்தார். சொந்தக் கட்சி ஆட்சியில் இதைச் செய்ய தைரியம் வேண்டும்.

அப்புறம், மருத்துவர்களுக்கு மருந்து நிறுவனங்கள் கொடுக்கும் பணத்தை வெளியிடவேண்டும் என்ற சட்டமும் அவரும் ஜனநாயகக் கட்சியின் ஹெர்ப் கோலும் கொண்டுவந்ததுதான். இன்று எந்த நோயாளியும் தன் மருத்துவர் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று இணையத்தில் பார்க்கலாம். நம் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நடுவாசல்:
அந்தச் சட்டம் எதற்குள் நிறைவேறியது என்பதையும் சொல்லுங்கள். 2010இன் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குள். அதற்கு எதிராகத்தான் கிராஸ்லி ஓட்டுப் போட்டார். 2019இல் ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனோடு சேர்ந்து மருந்து விலையைக் குறைக்க மசோதா எழுதினார். 2022இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேச வழிசெய்த சட்டம் வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டார். கண்காணிக்க வேண்டும், ஆனால் துறைக்கு அதிகாரம் கொடுக்கக் கூடாது என்றால் யாருக்கு லாபம்?

வைகைக்கரை:
பழமைவாதியின் அடிப்படையே அதுதான். அரசு ஒரு வேலையைச் செய்தால் கணக்குக் காட்டவேண்டும். ஆனால் எல்லா வேலையையும் அரசே செய்யவேண்டியதில்லை. விலையை அரசு பேசி முடிப்பது வேறு, கொடுத்த பணத்தை வெளியே சொல்வது வேறு. இரண்டாவதை ஆதரித்துவிட்டு முதலாவதை எதிர்ப்பதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

கடல்தாண்டி:
எங்களைப் போல எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான கிரீன் கார்டில் நாட்டு வாரியான உச்சவரம்பை நீக்கும் மசோதா 2011இல் கீழ்ச்சபையில் 389 ஓட்டோடு நிறைவேறியது. செனட்டில் அதை நிறுத்திவைத்தவர் கிராஸ்லி. எச்1பி முறைகேடுகளை அரசு தணிக்கை செய்யவேண்டும் என்ற அவர் கோரிக்கையில் நியாயம் இருந்தது. குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுத்துச் சுரண்டும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தண்டனை, கிரீன் கார்டுக்காக வரிசையில் நிற்பவர்களுக்கு வந்தது, கம்பெனிகளுக்கு அல்ல.

நடுவாசல்:
முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு துறைக்குள்ளும் தனியாக நின்று தணிக்கை செய்யும் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் உண்டு. அவர்களை நீக்கினால் 30 நாள் முன்னதாகக் காங்கிரஸுக்குக் காரணத்தோடு சொல்லவேண்டும் என்பது சட்டம். கிராஸ்லியே பாடுபட்டு வலுப்படுத்திய சட்டம். 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரே இரவில் ஒன்றரை டஜன் பேரை அனுப்பினார். கிராஸ்லி ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து காரணம் கேட்டுக் கடிதம் எழுதினார்.

2020இல் இதே டிரம்ப் இரண்டு பேரை நீக்கியபோது, ஜனாதிபதியின் நியமனங்களுக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பயன்படுத்தி, விளக்கம் வரும்வரை இரண்டு நியமனங்களை கிராஸ்லி நிறுத்திவைத்தார். அந்தப் பிடி 2025இல் எங்கே? பிடி இல்லாமல் போகவில்லை. அதே 2025 ஆகஸ்டில் காற்றாலை வரிச்சலுகைக்காக நிதித்துறை நியமனங்களை நிறுத்தினாரே! அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலையிலிருந்து வருகிறது, அதனால் புரிகிறது. காற்றாலைக்குக் கிடைத்தது தணிக்கையாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

தணிக்கை மேசை:
இந்த இடத்தில் நான் நடுவாசல் பக்கம். அந்த நீக்கம் சட்டத்தை மீறியது என்று 2025 செப்டம்பரில் நீதிபதி அனா ரேயஸ் சொன்னார். ஆனால் வேலையைத் திருப்பித் தரவில்லை. மீறினால் ஒன்றும் நடக்காத சட்டத்தை யார் மதிப்பார்கள்? நீதிக் குழுத் தலைவராக இருக்கும் கிராஸ்லி அந்த ஓட்டையை அடைக்கும் மசோதாவைக் கொண்டுவரவேண்டும்.

வைகைக்கரை:
கொண்டுவந்தாலும் நிற்காது. அதிகாரிகளை நீக்கும் உரிமை ஜனாதிபதிக்கே என்ற பக்கம்தான் இன்றைய உச்ச நீதிமன்றம் சாய்கிறது. காங்கிரஸிடம் மிஞ்சியிருப்பது நியமன ஒப்புதலும் பணப்பெட்டியும்தான்.

நடுவாசல்:
அதையேதான் நானும் கேட்கிறேன். நியமன ஒப்புதல் அவர் கையில் இருக்கிறது. 2020இல் பயன்படுத்தியதை இப்போதும் பயன்படுத்தட்டும்.