‘பாட்டி வீடு’ குழு: ஆறாம் எண்ணில் நான்கு பொட்டு

இரவு 8:52
கயல்: [படம்] நாளைக் காலைக் கருத்தரங்கில் இதைத்தான் காட்டப் போகிறேன். ஹீமோகுளோபின். பைமால் என்ற மூலக்கூறு வரையும் மென்பொருளில் வரைந்தேன். எப்படி இருக்கிறது?

அம்மா: ஜாங்கிரி போல இருக்கிறது. அழகு.

ராஜி பெரியம்மா: நான்கு இடத்தில் சிவப்புப் பொட்டு எதற்கு?

கயல்: அரிவாள் செல் சோகையில் மாறுகிற இடம் பெரியம்மா. ஆறாவது அமினோ அமிலம். குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடுகிறது.

ராஜி பெரியம்மா: எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இலேயே கண்டுபிடித்து எழுதிய நோய் ஆயிற்றே. வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமா: பொட்டு எங்கே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

அம்மா: அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கொல்லையில் தக்காளி பறிக்கச் சொன்னால் காயும் பழமுமாக அள்ளி வருவான்.

மாமா: அக்கா, அதை ஏன் இங்கே சொல்கிறாய்? அது இருக்கட்டும். நான்கு பொட்டு எப்படி வரும் கயல்? ஹீமோகுளோபினில் அமினோ அமிலச் சங்கிலிகள் நான்கு: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. மாற்றம் பீட்டாவில் மட்டும்தான். இரண்டு பொட்டுதான் வர வேண்டும்.

கயல்: ஐயோ.

செந்தில் அண்ணன்: ஸ்கிரிப்டை, அதான் நீ பைமாலுக்குக் கொடுத்த கட்டளை வரிகளை, அனுப்பு.

கயல்: குழுவில் மாமா போட்ட விதிப்படி தமிழ் எழுத்திலேயே தட்டுகிறேன். 4எச்எச்பி என்பது ஹீமோகுளோபின் கோப்பின் பெயர், ரெசி என்றால் அமினோ அமில எண்.
ஃபெட்ச் 4எச்எச்பி
கலர் ரெட், ரெசி 6

செந்தில் அண்ணன்: அதுதான் சங்கதி. ஒவ்வொரு சங்கிலியிலும் எண் 1இலிருந்து தொடங்கும். தெருப் பெயர் இல்லாமல் ‘கதவு எண் 6’ என்று மட்டும் எழுதினால் நான்கு தெருவிலும் தபால் விழும். பீட்டா சங்கிலிகளின் பெயர் பி, டி. ‘செயின் பி+டி அண்ட் ரெசி 6’ என்று போடு.

மாமா: ஆல்ஃபாவில் ஆறாவது அஸ்பார்ட்டிக் அமிலம். அது பாவம், இந்த நோயில் அதற்குப் பங்கே இல்லை.

இரவு 9:17
கயல்: இப்போது பொட்டே காணவில்லை!

செந்தில் அண்ணன்: சங்கிலி வாரியாக நிறம் கொடுக்கும் வரி எங்கே இருக்கிறது?

கயல்: கடைசியில்.

செந்தில் அண்ணன்: ஸ்கிரிப்ட் மேலிருந்து கீழே ஓடும். பின்னால் வரும் நிறம் முன்னதை மூடிவிடும்.

அம்மா: கோலம் போட்டுவிட்டு வாசல் தெளித்தாளாக்கும்.

செந்தில் அண்ணன்: அதேதான் சித்தி!

மாமா: சிவப்பையும் விட்டுவிடு. என் கண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை, உன் வகுப்பிலும் என்னைப் போல ஒருவன் இருப்பான். அணு மாதிரிகளில் சிவப்பு என்றால் ஆக்சிஜன், நீலம் என்றால் நைட்ரஜன். ஆல்ஃபா வெளிர் சாம்பல், பீட்டா வெளிர் நீலம், ஆறாம் இடம் மட்டும் மஞ்சள். நான்கு சங்கிலிக்கு நான்கு பளிச் நிறம் கொடுத்தால் எதைப் பார்ப்பது?

கயல்: மஞ்சள் கந்தகம் இல்லையா மாமா?

மாமா: பிடித்துவிட்டாய். கந்தக அணு எதையும் தனியாகக் காட்டவில்லையே, தொல்லை இல்லை. எந்த நிறம் எது என்று ஓரத்தில் எழுதிவிடு.

ராஜி பெரியம்மா: இது நோயாளியின் ஹீமோகுளோபினா?

மாமா: நல்ல கேள்வி. இல்லை, 4எச்எச்பி நலமானது. அரிவாள் வகை 2எச்பிஎஸ். அதில் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டி நிற்கும். ஒன்றின் வேலின் அடுத்ததன் குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இப்படி வரிசையாக ஒட்டி நாராக நீள்வதால்தான் சிவப்பணு வளைகிறது. கயல், நீ காட்ட வேண்டியது அதை.

கயல்: இந்நேரத்திலா? எட்டுச் சங்கிலி ஆகிவிடுமே!

செந்தில் அண்ணன்: கோப்பின் பெயரை மாற்று. ‘பி+டி’ வரும் இடமெல்லாம் ‘பி+டி+எஃப்+எச்’. ஆல்ஃபாவுக்கு ‘ஏ+சி+இ+ஜி’. மவுஸால் ஒவ்வொன்றாகச் சொடுக்கியிருந்தால்தான் விடிந்திருக்கும்.

இரவு 9:41
கயல்: [படம்]

மாமா: மஞ்சள் தெரிகிறது! எண்ணினேன். நான்கு. இப்போது நான்குதான் சரி.

அம்மா: அப்படியென்றால் முதலில் அவள் போட்டதே சரிதானே?