'மெக்சிகோ அம்மா' என்று அழைத்தது தவறா? அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழிச் சமூகங்களைப் பற்றி ஒரு கேள்வி

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். மகளின் பிரசவத்துக்காகச் சென்ற ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குப் போய் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். கீழ்த்தளத்தில் குடியிருந்த, ஏறக்குறைய என் வயதுடைய ஓர் அம்மையார் எனக்கு மிகவும் நெருக்கமானார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, வாழையிலையில் பொட்டலம் கட்டி, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, வேகவைத்த ஒரு பண்டத்தை அவர் கொண்டுவந்து கொடுத்தார். நூலை அறுத்துப் பிரித்ததும் எழுந்த வெந்த இலையின் மணத்தில் எனக்கு என் தாய்வீட்டு நினைவே வந்துவிட்டது.

குழந்தையைத் தொட்டிலில் இட்ட நாளில் மகளின் தோழிகளிடம், "இவர்தான் எங்கள் மெக்சிகோ அம்மா" என்று அவரை அன்போடுதான் அறிமுகப்படுத்தினேன். அவர் முகம் சட்டென்று வாடியது. மறுநாள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, மேலே ஒரு நிலத்தின் முனை, அதற்குக் கீழே நீளமான ஒரு தீவு, அதையடுத்து நடுவில் கோடு போட்ட ஒரு தீவு, கடைசியில் தீப்பெட்டி போல ஒரு சிறு தீவு என்று வரைந்தார். அந்தப் பெட்டியின் மேல் பென்சிலை மூன்று முறை அழுத்திக் குத்தி, நெஞ்சில் கை வைத்து, "போரிக்குவா" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த தெருமுனைக் கடைக்காரரும் அவரிடம் ஸ்பானிய மொழியில்தான் பேசுவார். ஆனால் பனி அள்ள வந்த குவாத்தமாலா இளைஞரிடம் கடைக்காரர் அதே மொழியில் பேசியபோது, அந்தப் பிள்ளை நம்மைப் போலவே தடுமாறிப் பதில் சொன்னதைக் கவனித்தேன். இவர்கள் எல்லோரையும் 'ஹிஸ்பானிக்' என்ற ஒரே பெயரில் குறிப்பிடுகிறார்களே, இவர்களுக்குள் பொதுவானது எது, வேறுபடுவது எது? வரும் ஜனவரியில் மீண்டும் போகிறேன். அந்த அம்மையாரை இன்னொரு முறை புண்படுத்த எனக்கு மனமில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம் அம்மா. எனக்குச் சொந்த ஊர் ராணிப்பேட்டை; பத்தொன்பது ஆண்டுகளாக டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் இருக்கிறேன். 'போரிக்குவா' என்ற அந்த ஒரு சொல்லே போதும். அவர் புவேர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர். ஸ்பானியர் வருவதற்கு முன் அத்தீவில் வாழ்ந்த தாயினோ மக்கள் தங்கள் மண்ணுக்கு இட்ட பெயரிலிருந்து வந்த சொல் அது. அவர் வரைந்த முனை ஃபுளோரிடா, நீண்ட தீவு கியூபா, நடுவில் கோடு போட்டது ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் தீவு, அதற்குக் கிழக்கே உள்ள பெட்டிதான் அவருடைய ஊர். மெக்சிகோ அந்தத் தாளுக்குள்ளேயே வராத தொலைவில், மேற்கே இருக்கிறது.

அவர் முகம் வாடியதற்கு மெக்சிகோ மக்களின் மேல் அவருக்கு ஏதோ இளக்காரம் என்று எண்ண வேண்டாம். 1898இல் நடந்த போரில் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றிய தீவு அது. 1917இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அத்தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். நியூ ஜெர்சிக்கு வர அவர்களுக்கு விசா வேண்டாம். தீவில் இருக்கும்வரை குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை, நியூ ஜெர்சிக்குக் குடிவந்தால் வாக்குண்டு என்ற விசித்திரமான நிலையும் அவர்களுக்கு இருக்கிறது. அப்படியிருந்தும், ஸ்பானிய மொழி பேசுகிறவர் என்றாலே வெளிநாட்டவர் என்று கருதி, "உன் காகிதத்தைக் காட்டு" என்று கேட்கும் குரலை அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பெயரிலும் அந்தக் குரலே அவருக்குக் கேட்டிருக்கலாம்.

மெக்சிகோ வழியினருக்குள்ளேயே எத்தனை வேறுபாடு! எங்கள் தெருவில் ஒரு குடும்பம், டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்வதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருப்பது. 1848 உடன்படிக்கையில் மெக்சிகோ தன் வடபகுதியைப் பெருமளவு இழந்தபோது கலிஃபோர்னியாவிலும் நியூ மெக்சிகோவிலும் இருந்த இடத்தில் இருந்தபடியே அமெரிக்கரானவர்களும் உண்டு. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்பது அவர்களிடையே வழங்கும் சொல். அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி சரளமாக வராது. அவர்களுக்கு எதிர் வீட்டில், பத்தாண்டுகளுக்கு முன் வந்து, இன்றுவரை எந்த ஆவணமும் இல்லாமல் கூரை வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். 1942 முதல் 1964 வரை பண்ணைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவே அழைத்துவந்த தொழிலாளர்களில் அவருடைய பாட்டனாரும் ஒருவர். பாட்டனார் அழைப்பின் பேரில் வந்த அதே நாட்டுக்குப் பேரன் ஒளிந்து வரவேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கியூபாவின் கதை முற்றிலும் வேறு. 1959 புரட்சிக்குப் பின் வந்தவர்களைக் கம்யூனிச ஆட்சியிலிருந்து தப்பியவர்கள் என்று அமெரிக்கா வரவேற்றது; 1966இல் அவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு வழி செய்தது. எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அந்நாட்டு அரசுக்கு அமெரிக்காவே துணை நின்றதால், அதன் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தவர்களில் மிகச் சிலருக்கே அப்போது அடைக்கலம் கிடைத்தது. ஒரே காலத்தில், ஒரே மொழி பேசிக்கொண்டு வந்து நின்ற இரண்டு பேரில் ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்கு மூடியது. மயாமியின் கியூபா வழியினர் பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பக்கமும், நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ வழியினர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பக்கமும் நிற்பதற்கு இந்த வரலாறு ஒரு முக்கியமான காரணம். எனவே, நாளிதழ்கள் 'லத்தீனோ வாக்கு' என்று, லத்தீன் அமெரிக்க வழியினர் எல்லோருக்கும் ஒற்றை வாக்கு இருப்பதைப் போல எழுதுவதை நான் ஏற்பதில்லை.

ஆம்பூர் சமையற்கட்டு எழுதியது:

நான் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் எட்டு ஆண்டுகள் குடியிருந்தவள். எனக்குத் தெரிந்தது அடுப்படி வழியாகத் தெரிந்ததுதான். சகோதரி, உங்களுக்கு வந்த பொட்டலத்தின் பெயர் பஸ்தேல். பச்சை வாழைக்காயையும் சேம்பு இனக் கிழங்கையும் துருவி அரைத்து, உள்ளே இறைச்சி வைத்து, இலையில் மடித்துக் கொதிநீரில் வேகவைப்பார்கள். வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் துருவ, ஒருவர் இலையை அனலில் வாட்ட, ஒருவர் நூல் கட்ட, ஒரு நாள் முழுவதும் செய்யும் வேலை அது. அதில் பங்கு கொடுத்தார் என்றால் உங்களைத் தம் வீட்டாராகவே எண்ணியிருக்கிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உள்ளே வைப்பது வழக்கமாகப் பன்றி இறைச்சி. நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொண்டைக்கடலை வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

மெக்சிகோ வீடுகளில் இதற்கு இணையானது தமால். அதற்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் கழன்றதும் அலசி அரைத்த மாவுதான் அடிப்படை. அந்த மாவைச் சோளக்கதிரின் உலர்ந்த மடலில் வைத்துக் கட்டுவார்கள். தெற்கு மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் எல் சால்வடோரிலும் வாழையிலைக்கு மாறிவிடுவார்கள். அதே சோளமாவில் பயறும் பாலாடைக்கட்டியும் அடைத்துத் தட்டிக் கல்லில் சுடும் பூப்பூசா, எல் சால்வடோர் மக்களின் பெருமை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் சோளம் என்றால், கரீபியத் தீவுகளில் சோறும் வாழைக்காயும். அவித்த வாழைக்காயை மசித்த மங்கூ டொமினிக்கன் வீட்டுக் காலைச் சிற்றுண்டி. பொரித்த வாழைக்காயைப் பூண்டோடு இடித்த மோஃபோங்கோ புவேர்ட்டோ ரிக்கோவுக்குரியது.

ஸ்பானிய மொழிக்காரர் என்றாலே காரம் தின்பவர் என்று நம்மவர் நினைக்கிறார்கள். காரம் முக்கியமாக மெக்சிகோவில்தான். தீவுக்காரர்களின் குழம்பில் பூண்டும், கொத்தமல்லி மணமுள்ள நீண்ட இலையும், காரமற்ற சிறு மிளகாயும் இருக்கும். நம் ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயைச் சுவைத்துவிட்டு எங்கள் கட்டடத்துக் கியூபா பெரியவர் கண்ணில் நீர் விட்டார். சொற்களும் அப்படித்தான். மெக்சிகோவில் பயறு ஃப்ரிஹோல், உங்கள் தோழிக்கு அது அபிச்சுவேலா. ஆரஞ்சுப் பழத்தை மற்றவர்கள் நரான்ஹா என்பார்கள். அவர் 'சீனா' என்பார்.

ஒற்றுமையும் நிறைய உண்டு. மகளுக்குப் பதினைந்து வயது நிறைந்தால் கொண்டாடும் விழா, பெரும்பாலான ஸ்பானிய மொழிக் குடும்பங்களில் நம் மஞ்சள் நீராட்டைப் போல உறவினரைத் திரட்டிச் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாத நம் 'சம்பந்தி' உறவுக்கு அவர்களிடம் கொன்சுவெக்ரோ என்று ஒரு சொல் இருக்கிறது! குழந்தையின் ஞானப்பெற்றோரும் பெற்றோரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்று முறை சொல்லி அழைத்துக்கொள்வார்கள்; அந்த முறை ஏற்பட்டுவிட்டால் ஆயுள் முழுவதும் நல்லது கெட்டதுகளுக்கு வந்து நிற்க வேண்டும்.

தோட்டப்பாளையம் விடுதி எழுதியது:

மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு அறை வாடகைக்குவிடும் சிறிய விடுதி நடத்துகிறேன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை, ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வரவேற்பு மேசையில் நாள்தோறும் நடப்பது. சிகிச்சைக்கு வரும் எல்லோரையும் நம் ஊரில் 'இந்திக்காரர்' என்கிறோம். அவர்களில் பெரும்பகுதியினர் வங்காள மொழி பேசுகிறவர்கள். கடைப் பலகைகள்கூட அந்த எழுத்தில் மாறிவிட்டன. கொல்கத்தாவிலிருந்து ஒரு குடும்பமும் டாக்காவிலிருந்து ஒரு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து அறையில் தங்கி, ஒரே அடுப்பில் ஒரே கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும். ஒருவர் தண்ணீரை 'ஜோல்' என்பார், மற்றவர் 'பானி' என்பார். அதைத் தவிர எனக்கு வேறுபாடு தெரியாது.

ஆனால் பதிவேட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும். கொல்கத்தாக்காரர் ஆதார் அட்டையை நீட்டிவிட்டு அறைக்குப் போய்விடுவார். டாக்காக்காரருக்குக் கடவுச்சீட்டும் மருத்துவ விசாவும் பார்த்து, வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நான் அனுப்பியாக வேண்டும். சிகிச்சை நீண்டு விசா முடியும் தேதி நெருங்கினால், நோயை விட அந்தத் தேதியை நினைத்தே அவர்கள் அதிகம் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாலாற்றங்கரை ஐயா எழுதியதைப் படித்தபோது, புவேர்ட்டோ ரிக்கோ அம்மையாரும் டொமினிக்கன் கடைக்காரரும் இப்படித்தானோ என்று கேட்கத் தோன்றியது.

பாலாற்றங்கரை எழுதியது:

அப்படியேதான், ஐயா. இரண்டு தீவுகளுக்கும் நடுவில் ஒரு நீர்சந்தி மட்டுமே இருக்கிறது. பேச்சில் சொல்லின் இறுதி 'ஸ்' ஒலியை இருவருமே விழுங்கிவிடுவார்கள். ஆனால் டொமினிக்கன் குடிமகன் விசாவுக்காகக் காத்திருக்க வேண்டும். கிடைக்காதவர்களில் சிலர் சிறு படகில் அந்த நீரைக் கடக்கத் துணிந்து உயிரையே இழந்திருக்கிறார்கள்.

காட்பாடி விரிவுரையாளர் எழுதியது:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6 கோடியே 20 லட்சம் பேர். அவர்களில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் மெக்சிகோ வழியினர் என்பதால்தான் மற்றவர்களும் அந்தப் பெயருக்குள் அடங்கிப்போகிறார்கள். 'ஹிஸ்பானிக்' என்பது ஸ்பானிய மொழியைக் கொண்டு வகுத்த பெயர், 'லத்தீனோ' லத்தீன் அமெரிக்க நிலப்பகுதியைக் கொண்டு வகுத்த பெயர். போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் இரண்டாவதில் மட்டும் வருவார், ஸ்பெயின்காரர் முதலாவதில் மட்டும் வருவார். இந்தக் கேள்வியை 1980 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக எல்லா வீடுகளிலும் கேட்டார்கள்.

அடுத்தது பனி அள்ள வந்த இளைஞரைப் பற்றியது. குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் வழங்குகின்றன. அவருடைய தாய்மொழி அவற்றில் 'கிச்சே' அல்லது 'மாம்' என்ற மொழியாக இருக்கலாம். ஸ்பானிய மொழி அவருக்குப் பள்ளியிலும் சந்தையிலும் கற்றுக்கொண்ட மொழியாக இருக்கும். ஹிஸ்பானிக் என்ற கட்டத்தில் அவரையும் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் இத்தகையவர்களுக்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அமர்த்திவிட்டு, வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்வது பெரிய கேடு.

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளிடம் பேசி, கடைக்காரரின் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் மாதா படத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். நட்சத்திரங்கள் பதித்த நீல மேலாடையோடு, வைக்கோலில் கிடக்கும் குழந்தையைக் குனிந்து வணங்கும் தாய் அவர்; டொமினிக்கன் மக்களின் அல்த்தகிராசியா அன்னையாம். திருநாள் ஜனவரி 21. அதற்குள் நான் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அந்தப் பென்சில் படத்தைத் தூக்கி எறியவில்லை. பேரனின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருப்பதாக மகள் சொன்னாள். போனதும் அதை எடுத்து, இந்த முறை பெட்டியின் மேல் 'போரிக்குவா' என்று நானே எழுதி அவரிடம் காட்டப்போகிறேன். அவர் நம் நாட்டை வரையச் சொன்னால் வேலூரை எங்கே குத்த வேண்டும் என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூர் சகோதரிக்கு ஒரு வார்த்தை: நாங்கள் சைவம்தான். அன்று இலையைப் பிரித்து மணத்தை மட்டும் அனுபவித்துவிட்டு மாப்பிள்ளையின் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட்டு, கொண்டைக்கடலை வைத்துச் செய்யும் முறையை அவரிடமே கற்றுக்கொள்ளப்போகிறேன். துருவுவதற்கும் இலை வாட்டுவதற்கும் எனக்குக் கை பழகியிருக்கிறது.