வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட்: எக்சர்சைஸ், சாப்பாடு, தூக்கம் எப்படி அமைச்சுக்கிறது?

அசெம்ப்ளி_78:
ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாக கம்பெனி. ஏ ஷிஃப்ட் காலை 6–2, பி 2–10, சி ராத்திரி 10–6. வாரத்துக்கு ஒண்ணா இதே வரிசையில மாறும், ஞாயிறு லீவு. கம்பெனி பஸ், ஒரு வழிக்கு 50 நிமிஷம். ஏ ஷிஃப்ட்டுன்னா 4:50க்கு ஸ்டாப்பிங்ல நிக்கணும். வயசு 29, உயரம் 170 செ.மீ., எடை 78 கிலோ, தொப்பை போட ஆரம்பிச்சாச்சு. மூணு பேர் ரூம், மூணு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட். கேஸ் அடுப்பு இருக்கு.

எந்த ஷிஃப்ட்ல எந்த நேரம் எக்சர்சைஸ் பண்றது? சி ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் நேரா ஜிம் போயிட்டா வேலை முடிஞ்சுடும்னு சிலர் சொல்றாங்க, சரியா? நைட்ல கேன்டீன்ல என்ன சாப்பிடலாம்? லைன்ல நின்னுக்கிட்டேதான் வேலை, போன்ல தினம் 9,000 ஸ்டெப் காட்டுது. அது போதாதா?

மூணாவது_ஷிஃப்ட்:
கடிகாரத்தை வெச்சு எக்சர்சைஸ் நேரம் குறிக்காதீங்க சகோ. எழுந்ததுல இருந்து கணக்கு வைங்க. எழுந்து ஒண்ணரையில இருந்து ரெண்டரை மணி நேரம் கழிச்சு, வேலைக்கு முன்னாடி. ஏ வாரம் மட்டும்தான் விதிவிலக்கு.

பி வாரம்: 11:30 வாக்குல ரூம் வந்து 12:30க்குப் படுத்தா 8 மணிக்கு எழலாம். 9:30–10:15 எக்சர்சைஸ். மூணு வாரத்துல நல்லா தூங்குற வாரம் இதுதான், கனமான வேலையெல்லாம் இதுல வைங்க.

ஏ வாரம்: 3 மணிக்கு ரூம். 20 நிமிஷம் மட்டும் கண்ணை மூடுங்க, அலாரம் கட்டாயம். முக்கால் மணி நேரம் தூங்கிட்டா ஆழ்ந்த தூக்கத்துல இருந்து பாதியில எழணும், அதுக்கப்புறம் மந்தமா இருக்கும், ராத்திரி தூக்கமும் தள்ளிப்போகும். 5 மணிக்கு எக்சர்சைஸ், 7க்கு சாப்பாடு, 8:45க்கு லைட் ஆஃப். ஏ வாரத்துல ராத்திரி 8 மணிக்கு ஜிம் போறவங்க 11 மணி வரைக்கும் புரண்டுக்கிட்டு இருப்பாங்க, நாலு மணிக்கு அலாரம் அடிக்கும்.

சி வாரம்: 7:30க்குப் படுத்து 2:30க்கு எழுங்க. 5 மணிக்கு எக்சர்சைஸ், 8க்கு சாப்பாடு.

சி ஷிஃப்ட் முடிஞ்சு நேரா ஜிம்? வேண்டாம். உடம்புச் சூடு ரொம்ப இறங்கி, தூக்கம் அள்ளிக்கிட்டுப் போறது விடிகாலை 4–5 மணி வாக்குல. அதைத் தாண்டினதும் அது ஏற ஆரம்பிச்சிடும். வெளியில வெயிலும் வந்தாச்சு. அதோட எக்சர்சைஸும் சேர்ந்தா உடம்பு "பகல் தொடங்கிடுச்சு"ன்னே முடிவு பண்ணிடும். 9 மணிக்குப் படுப்பீங்க, 12:30க்கு முழிப்பு வந்துடும். நின்னு நின்னு களைச்ச முதுகோட டெட்லிஃப்ட் (தரையில இருந்து பாரம் தூக்குறது) போட்டா உடம்பு நிலையும் சரியா நிக்காது.

ஸ்டெப் கணக்கு: லைன்ல நடக்கிறது நாலு அடி இந்தப் பக்கம், நாலு அடி அந்தப் பக்கம். காலுக்கு வலி வரும், மூச்சு வாங்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. மிதமானதுன்னா பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்துல தினம் 25 நிமிஷ நடை போதும். ஏப்ரல், மே மாசத்துல சாயங்காலம் 5:30க்கு முன்னாடி வெளியில இறங்காதீங்க.

அரைப்படி:
சாப்பாடு பத்தி.

சி ஷிஃப்ட்ல முக்கியமான சாப்பாடு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, ராத்திரி 8 மணிக்கு. கேன்டீன்ல 1 மணிக்குப் போடுற சாப்பாடு சின்னதா இருக்கணும்: ரெண்டு இட்லி சாம்பார், இல்ல ஒரு கரண்டி சாதத்துல தயிர், கூட காய். நடுராத்திரியில அதே அளவு சாதம் சாப்பிட்டாலும் பகல்ல ஏறுறதை விட ரத்தச் சர்க்கரை கூடுதலா ஏறும், இறங்கவும் நேரம் எடுக்கும். கேன்டீன் பூரி, சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடிச்சிட்டு 3 மணிக்கு மெஷின் முன்னாடி தலை ஆடுறதுக்கும் அதுல பங்கு உண்டு. 2 மணிக்கு மேல தண்ணி, வேணும்னா ஒரு கொய்யா, இல்ல ஒரு பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான்.

காலையில பட்டினியாப் படுக்காதீங்க, 11 மணிக்குப் பசி எழுப்பிவிடும். பொங்கல் வடையும் வேண்டாம், படுத்ததும் நெஞ்சு எரியும். மூணு இட்லியோ ரெண்டு தோசையோ சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுப் படுங்க.

அடுத்தது டீ. உள்ளே போன கஃபீன்ல பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. காலை 7:30க்குத் தூங்கணும்னா கடைசி டீ ராத்திரி 1 மணி. 4 மணி டீதான் பகல் தூக்கத்துக்கு எமன். மெஷின் டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னு வெச்சா அஞ்சு கப்புக்கு பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 45 கிராம், 180 கலோரி. தொப்பைக்குக் காரணம் தேடுறவங்க முதல்ல அந்தக் கப்பை எண்ணுங்க.

புரதம்: எடை 78 கிலோ, கிலோவுக்கு 1.2 கிராம்னா ஒரு நாளைக்கு 90 சொச்சம். கேன்டீன் சாம்பாரை மட்டும் நம்பினா பாதிகூட தேறாது. மூணு முட்டை 18 கிராம், காய்ஞ்ச சோயா உருண்டை 50 கிராம்ல 26, காய்ஞ்ச கொண்டைக்கடலை 50 கிராம்ல 10, பருப்பு 50 கிராம்ல 11, ஒரு கப் தயிர்ல 6, அரிசி, இட்லியில ஒரு 18–20. கணக்கு வந்துடுச்சு, பவுடர் டப்பா தேவையில்லை. கொண்டைக்கடலையை வேலைக்குக் கிளம்பும்போது ஊறப்போட்டா திரும்பி வரும்போது பதமா ஊறியிருக்கும். மே மாசத்துல மட்டும் ஒரே தண்ணியில பத்து மணி நேரம் விட்டா நுரைச்சு நாறும், முன்னாடியே ஊறவெச்சு, கிளம்பும்போது தண்ணியை வடிச்சு ஈரத்துணியில கட்டி வெச்சிட்டுப் போங்க. சோயாவைக் கொதிதண்ணியில 10 நிமிஷம் போட்டு, ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சா அந்தப் பச்சை வாடை போயிடும். பிழியாம குழம்புல போட்டுட்டு "சோயா புடிக்கலை"ங்கிறதுல அர்த்தம் இல்லை.

பாரம்:
ஜிம் வேணும்னு கட்டாயமில்லை. ஒரு பழைய ஸ்கூல் பேக், அதுக்குள்ள ஒரு லிட்டர் பாட்டில் எட்டு. எட்டு கிலோ ஆச்சு. பழகப் பழக பாட்டில்ல தண்ணிக்குப் பதிலா மணல் நிரப்புங்க, ஒவ்வொண்ணும் ஒண்ணரை கிலோவுக்கு மேல வரும்.

பயிற்சி 1: ஸ்குவாட் (பேக்கை நெஞ்சோட அணைச்சு உட்கார்ந்து எழுறது) 3 செட், 12 தடவை. புஷ்-அப் 3 செட். குனிஞ்சு பேக்கை வயித்துப்பக்கம் இழுக்கிற ரோ 3 செட், 12.
பயிற்சி 2: முழங்கால் லேசா மடக்கி, இடுப்பைப் பின்னால தள்ளி பேக்கைத் தூக்குறது 3 செட், 12. பேக்கைத் தலைக்கு மேல தள்ளுறது 3 செட், 10. பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேரா நிறுத்துறது) 30 வினாடி மூணு தடவை. கெண்டைக்கால் ஏத்தம், படி விளிம்புல நின்னு, 2 செட், 15.

எல்லாத்துலயும் "இன்னும் ரெண்டு தடவை முடியும்"கிற இடத்துல நிறுத்துங்க. 15 தடவை சுலபமா வந்துட்டா ஒரு கிலோ கூட்டுங்க.

ஷிஃப்ட்காரங்க எங்க கோட்டை விடுறாங்கன்னா, "திங்கள் நெஞ்சு, புதன் முதுகு"ன்னு கிழமை வெச்சு அட்டவணை போடுறதுல. சி வாரம் வந்ததும் புதன் போயிடும், முதுகும் போயிடும், பத்து நாள் கழிச்சுத் திரும்ப நெஞ்சுல இருந்து ஆரம்பிப்பாங்க. கிழமையை விடுங்க. 1, 2, 1, 2ன்னு மாத்தி மாத்தி வரும். எப்போ நேரம் கிடைக்குதோ அப்போ அடுத்த நம்பர். 21 நாளுக்கு எட்டு தடவை: ஏ வாரம் மூணு, பி வாரம் மூணு, சி வாரம் ரெண்டு. சி வாரத்துல கனத்தைக் குறைக்காதீங்க, செட்டை மூணுல இருந்து ரெண்டாக் குறைங்க. இருக்கிற பலம் போகாது. சி வாரம் முதல் நாள் தொடவே வேண்டாம்.

இன்னொண்ணு, கான்கிரீட் தரையில எட்டு மணி நேரம் நிக்கிற சேஃப்டி ஷூவோட இன்சோல் அமுங்கிப் போனா முழங்கால் வலியை எக்சர்சைஸ் மேல பழி போடுவோம். ஷூவுக்குள்ள கையை விட்டுப் பாருங்க. குதிகால் இடத்துல பள்ளம் தட்டுப்பட்டா இன்சோலை மாத்துங்க.

ரெண்டு_தவணை:
மூணாவது ஷிஃப்ட் சொன்ன ஏழு மணி நேர ஒரே தூக்கம் ரூம்ல இருக்கிறவங்களுக்குச் சரி. வீட்டுல குழந்தை இருக்கிறவங்களுக்கு நடக்காது. அவங்க பிரிச்சுத் தூங்கலாம்: காலை 7:30ல இருந்து 12:30, மறுபடி சாயங்காலம் 6:30ல இருந்து 8. மொத்தம் ஆறரை மணி நேரம் வந்துடும். ரெண்டாவது தவணையில எழுந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேலையில நிக்கிறதால விடிகாலை மந்தமும் குறையும். இவங்களுக்கு எக்சர்சைஸ் 4 மணிக்கு, நிழல்ல. ரெண்டு தவணையையும் ஆறு நாளும் அதே நேரத்துல வைங்க. ஒரு நாள் 10, ஒரு நாள் 1ன்னு அலைஞ்சா ரெண்டுமே கெடும்.

அசெம்ப்ளி_78:
நன்றி எல்லாருக்கும். மூணு விஷயம் பாக்கி. ஞாயிறு காலை 6க்கு சி முடியும், திங்கள் காலை 6க்கு ஏ. அந்த 24 மணி நேரத்தை எப்படி ஓட்டுறது? ரெண்டாவது, பகல்ல ரூம்ல வெளிச்சம், மிக்ஸி, தெருவுல காய்கறி வண்டி ஸ்பீக்கர். மூணாவது, அப்பாவுக்கு சுகர். நானும் டெஸ்ட் எடுக்கணும், எந்த ஷிஃப்ட்ல எடுக்கிறது?

மூணாவது_ஷிஃப்ட்:
மூணு வாரச் சுத்துல மோசமான திருப்பம் அதுதான். ஏல இருந்து பி, பில இருந்து சி மாறும்போது 48 மணி நேரம் கிடைக்குது, தூக்கமும் பின்னால தள்ளித்தான் போகுது. நம்ம உள் கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளமா ஓடுறதால பின்னால தள்ளுறது சுலபம். சில கம்பெனியில சி, பி, ஏன்னு தலைகீழா சுத்துவாங்க, அங்க ஒவ்வொரு வாரமும் இழுபறி.

ஞாயிறு: 7:15ல இருந்து 10:45 வரைக்கும் மட்டும் தூங்குங்க. அலாரம் கட்டாயம், இல்லைன்னா 3 மணி ஆயிடும். எழுந்ததும் வெயில்ல அரை மணி நேரம் நடங்க. மதியம் 12க்கு மேல டீ, காபி கிடையாது. எக்சர்சைஸ் கிடையாது, சாயங்கால நடை மட்டும். 6:30க்கு சாப்பாடு, 8க்குப் படுக்கை. திங்கள் ஏ ஷிஃப்ட்ல தூக்கக்கடன் இருக்கத்தான் செய்யும், அன்னைக்கு பேக்கைத் தொடாதீங்க.

பில இருந்து சி: ஞாயிறு ராத்திரி 2 மணிக்குப் படுத்து 10க்கு எழுங்க. திங்கள் சாயங்காலம் 5ல இருந்து 6:30 வரைக்கும் ஒரு தூக்கம். இதைத் தவறவிட்டா முதல் ராத்திரி 4 மணிக்கு, எழுந்து 18 மணி நேரம் ஆன ஆளா மெஷின்ல நிப்பீங்க.

ஜன்னலுக்கு கருப்புத் துணி மட்டும் கட்டினா ஓரத்துல வெளிச்சம் கசியும். அட்டைப்பெட்டியைச் சட்டத்தை விட ரெண்டு அங்குலம் பெரிசா வெட்டி, வெளிப்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி, உள்ளே இருந்து டேப் போடுங்க. வெளிச்சமும் நிக்கும், வெயில் சூடும் கொஞ்சம் திரும்பும். காத்துக்கு இன்னொரு ஜன்னலோ எக்ஸாஸ்டோ திறந்திருக்கணும், தகரக் கூரை ரூம்ல இதை அடைச்சா அவிஞ்சுடுவீங்க.

சத்தத்துக்கு, சேஃப்டியில தர்ற ஃபோம் காது அடைப்பானே போதும். பலரும் அதை மேலாப்புல சொருகிட்டு "கேக்குது"ம்பாங்க. விரல்ல மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காதை மேல, பின்னால இழுத்துப் பிடிச்சு, உள்ளே விட்டு, அது விரியிற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்தி வைங்க. உங்க குரலே குடத்துக்குள்ள பேசுற மாதிரி கேட்டா சரியாப் போட்டிருக்கீங்க. அழுக்குக் கையால உருட்டக் கூடாது. அலாரம் காதுல விழாது, போனை வைப்ரேட்ல தலையணைக்கு அடியில வைங்க.

ரத்தப்_பரிசோதனை:
சி வாரத்துல வெறும் வயித்து ரத்தம் கொடுக்காதீங்க. ராத்திரி 1 மணிக்குச் சாப்பிட்டு காலை 7க்கு ஊசி குத்தினா எட்டு மணி நேரப் பட்டினி ஆகாது, முழிச்சிருந்த உடம்போட அளவும் அப்படியே நம்ப முடியாது. பி வாரம் வியாழன், வெள்ளி காலை நல்ல நேரம். எச்பிஏ1சி கேளுங்க, அது ரத்தச் சர்க்கரையோட ரெண்டு மூணு மாசச் சராசரி, பட்டினி வேண்டாம், ஷிஃப்ட் கணக்கும் பெரிசா இடிக்காது. பிபியும் தூங்கி எழுந்த நாள்ல, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்த பிறகு பாருங்க.

ஏற்கனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க "காலை, ராத்திரி"ன்னு சீட்டுல எழுதினதை சி ஷிஃப்ட்ல தானா மாத்திக்கக் கூடாது. டாக்டர்கிட்ட மூணு ஷிஃப்ட்டையும் எழுதிக்கொடுத்து மூணு நேரம் வாங்கிடுங்க. சில மாத்திரையும் இன்சுலினும் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரையைக் கீழே இறக்கிடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா மெஷினை விட்டு நகர்ந்து மூணு ஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் குடிங்க, கால் மணி நேரம் கழிச்சும் தீரலைன்னா இன்னொரு தடவை, அப்பவும் தீரலைன்னா உடனே கம்பெனி முதலுதவி அறை.

அசெம்ப்ளி_78:
பஸ்ல தூங்கலாமா? 50 நிமிஷமும் குறட்டைதான் எல்லாரும்.

மூணாவது_ஷிஃப்ட்:
ஏ ஷிஃப்ட்டுக்குப் போகும்போது தாராளமா. சி முடிஞ்சு வரும்போது முடிஞ்ச வரைக்கும் வேண்டாம், அந்த முக்கால் மணி நேரம் ரூம்ல உங்க தூக்கத்துல இருந்துதான் கழியும். கூலிங் கிளாஸ் போட்டு, ஜன்னல் இல்லாத பக்கம் உட்காருங்க, கண்ணுல வெயில் படாம இருந்தா படுத்ததும் தூக்கம் வரும். பைக்ல வர்றவங்க இந்தக் கூலிங் கிளாஸ் வேலையைச் செய்யவே கூடாது. அவங்களுக்கு வேற கணக்கு: கண் சொருகுதுன்னா கம்பெனியிலேயே 20 நிமிஷம் படுத்து எழுந்து கிளம்பணும், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லைன்னு ஒரு டீயும் குடிக்கலாம்.